காய்ந்த மையும் பிடித்த மையும்

காரவல்லியில் பேருந்து கொல்லிமலை ஏறத் தொடங்கியபோது பையிலிருந்த தாள்கள் மொடமொடவென்றுதான் இருந்தன. 70 கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து சோளக்காட்டில் இறங்கி, வாங்கிய தேநீர் ஆறுவதற்குள் ஒரு தாளை எடுத்து உதறிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை, துவண்டு தொங்கியது. கார்த்திகைப் பனி கடைத்தெருவுக்கே இறங்கி வந்திருந்தது. எதிரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் முன்பாதி மட்டும் தெரிந்தது.

தாள் கெட்டுப்போய்விடவில்லை. பருத்தி நார் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். காற்று வறண்டால் திருப்பிக் கொடுத்துவிடும். சமவெளியில் உலர்ந்த அறையொன்றில் தன் எடையில் நூற்றுக்கு ஆறேழு பங்கு தண்ணீரை வைத்திருக்கும் தாள், பனிமூட்டத்தில் ஏறத்தாழ அதன் இருமடங்குக்குப் போய்விடும். ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கும் அந்தத் தாளின்மேல் மையைப் பூசி எப்படிக் காயவைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் 1,000 மீட்டருக்கு மேலே ஏறி வந்திருந்தேன்.

வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். ஓட்டு வீடு, முன்னால் நீளத் திண்ணை, பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. அந்த வீட்டுப் பெண் கல்யாணத்துக்கு முன்பு திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறையொன்றில் வேலை பார்த்தவர். இப்போது மலைமேல் இருக்கும் தங்கும் விடுதிகளுக்கு வரவேற்பு அட்டை, மிளகு, காப்பிப் பொட்டலங்களுக்குத் தொங்குசீட்டு, எப்போதாவது ஒரு கல்யாணப் பத்திரிகை என்று கைக்காகிதத்தில் அச்சடித்துக் கொடுக்கிறார். தோட்டத்தில் வேலை இல்லாத நாட்களில்தான் இதெல்லாம்.

"உள்ள வந்துடுங்க சார். வெளிய நின்னா நீங்களும் நமுத்துப் போயிருவீங்க" என்றார்.

நான் கொண்டுபோயிருந்த தாளை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "பாண்டிச்சேரித் தாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டில் கைவினைப் பொருள் செய்கிறவர்கள் நல்ல தாள் என்று சொல்லும்போது பெரும்பாலும் அந்த ஊரைத்தான் நினைக்கிறார்கள். மரக்கூழ் கிடையாது, பனியன் வெட்டித் தள்ளிய பருத்தித் துண்டுகளை அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் முகந்து, அழுத்தி, தொங்கவிட்டு உலர்த்துவார்கள். கிராமத்துக்குக் கிராமம் இந்தத் தொழில் நடக்கவேண்டும் என்று பாடுபட்டவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் மனதில் இருந்தது பள்ளிக்கூட நோட்டும் அலுவலகக் கடுதாசியும். இன்று கைக்காகிதத்தில் பெரும்பங்கு பரிசுப் பையாகவும் கல்யாணப் பத்திரிகையாகவும் போகிறது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பத்திரிகை என்றால் அச்சு, அச்சு என்றால் மை.

திண்ணையில் தாளுக்குக் கஞ்சி போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு ஒரு சொட்டைத் தாளின் மூலையில் வைத்தார். சொட்டு உருண்டு நின்றால் தாள் தயார். வைத்த மாத்திரத்தில் உள்ளே போய் வட்டமாகக் கறை விரிந்தால் அதற்குக் கஞ்சி வேண்டும். இல்லாவிட்டால் மையும் அதே வேகத்தில் நாருக்குள் ஓடி, எழுத்தின் ஓரமெல்லாம் முடி முளைத்துவிடும். ஆலைத்தாளில் இந்த வேலையைக் கூழிலேயே முடித்துவிடுகிறார்கள். கைக்காகிதத்தில் தாளுக்குத் தாள் வேறுபாடு இருக்கும். மலிவான தாளில் இன்னும் அதிகம்.

கஞ்சி மரவள்ளி மாவில் காய்ச்சியது. நாமக்கல், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இந்த மலையிலிருந்தும்தான் கிழங்கு இறங்குகிறது. அந்த ஸ்டார்ச்சைத் துணி ஆலைகளும் காகித ஆலைகளும் இதே காரியத்துக்காக வாங்குகின்றன. இவர் அகலத் தூரிகையால் ஒரே போக்கில் ஒருமுறை தடவி நிழலில் விடுகிறார். வெயிலில் வைத்தால் ஓரம் முதலில் காய்ந்து நடு பிந்தும். தாள் கிண்ணமாக வளைந்துவிடும். "இந்த மாசத்துல வெயில்னு ஒண்ணு இருந்தாத்தானே" என்று சிரித்தார்.

தகரக் கூரை அறைக்குள் போனதும் வேறு ஊருக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. கதகதப்பு, சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஈரம் விடத் தொடங்கியது. சுவரோரமாக ஆள் உயரத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் கொசுவலை அடித்த தட்டுகள், தட்டுகளில் அச்சடித்த அட்டைகள். கீழ்த்தட்டுக்கு அடியில் இரண்டு குண்டு பல்புகள். பக்கவாட்டில் ஒரு சின்ன மின்விசிறி. கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் கையகலத் துவாரம்.

இவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் அன்று பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் சூட்டின் உண்மையான வேலை என்ன என்பதை அந்த அறை காட்டியது. பனிமூட்டத்தில் காற்று நீராவியால் நிரம்பி வழிகிறது. மையிலிருந்து புறப்படும் தண்ணீருக்கு அங்கே இடமில்லை. அட்டையை நாள் முழுக்க வைத்தாலும் தொட்டால் ஒட்டும். அதே காற்றை 16 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் நூறிலிருந்து ஏறத்தாழ ஐம்பதுக்கு இறங்கிவிடுகிறது. காற்றிலிருந்து ஒரு துளி தண்ணீரும் குறையவில்லை. சூடான காற்றால் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும், அதனால் இன்னும் கேட்கிறது. பல்பு மையைச் சுடவில்லை, காற்றுக்குத் தாகம் உண்டாக்குகிறது. விசிறி அந்தக் காற்றைத் தாள்மேல் நகர்த்துகிறது. நிரம்பிய காற்று துவாரம் வழியே வெளியேறுகிறது.

அந்தத் துவாரம் முதலில் இல்லையாம். அறையை இறுக்கமாக மூடி, உள்ளே அடுப்பு மூட்டினால் சீக்கிரம் காயும் என்று செய்து பார்த்திருக்கிறார். காயவில்லை. விறகு எரியும்போது அதுவே நீராவியை விடுகிறது. மூடிய அறையில் அதற்கும் போக்கிடம் இல்லை, மையின் ஈரத்துக்கும் போக்கிடம் இல்லை. புகை வேறு படிந்து வெள்ளைத் தாள் சந்தன நிறத்துக்கு வந்திருக்கிறது. "அதையும் வாங்கிட்டுப் போனாங்க சார், பழைய காலத்துத் தாளு மாதிரி இருக்குன்னு."

அச்சு, திருப்பூர் முறையிலேயே நடக்கிறது. வலை இழுத்துக் கட்டிய சட்டம், பிக்மென்ட் பேஸ்ட், பைண்டர், தேய்க்கும் ரப்பர். ஒரு இழுப்பில் சாமைக்கதிர் படமும் எழுத்தும் தாளில் இறங்கிவிடுகின்றன. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் உள்ளூர் வகைகளைக் காப்பாற்றுவதற்காக எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து வருகிறது. சிறுதானியத்துக்கு ஊருக்குள் மவுசு கூடிய பிறகு, பொட்டலத்துக்கு நல்ல சீட்டும் தேவைப்படுகிறது.

திருப்பூரில் இந்த மைக்குச் செய்யும் அடுத்த வேலை க்யூரிங். அச்சான துணி ஓடும் பட்டையில் ஏறி, 150 டிகிரி சூட்டுப் பெட்டிக்குள் மூன்று முதல் ஐந்து நிமிடம் போய் வரும். அந்தச் சூட்டில் பைண்டரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. நிறத்துகள் அந்த வலைக்குள் மாட்டிக்கொள்கிறது. அதனால்தான் பனியனை எத்தனை முறை துவைத்தாலும் படம் போவதில்லை. தண்ணீர் வெளியேறினால் மை காய்ந்தது. வலை விழுந்தால் மை பிடித்தது. இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கவேண்டும் என்பதில்லை. காய்ந்துபோன அச்சை ஈரவிரலால் தேய்த்தால் நிறம் கையோடு வரும். பிடித்த அச்சில் வராது.

தாளில் அந்த 150 டிகிரியையும் ஐந்து நிமிடத்தையும் அப்படியே காட்ட முடியுமா? காட்டலாம், ஆனால் தாள் விறைத்து, ஓரம் பழுக்கத் தொடங்கும். மடித்தால் மடிப்பில் விரிசல் காணும். அட்டையை யாரும் துவைக்கப்போவதும் இல்லை. கையில் தேய்ந்தாலும் ஈரக் கை பட்டாலும் தாங்கினால் போதும். எனவே இவர் ஒரு நாள் தட்டில் காயவிடுகிறார், பிறகு இஸ்திரி போடுகிறார். மின்சாரப் பெட்டியின் திருகில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன: ஒன்று ஏறத்தாழ 110 டிகிரி, இரண்டு 150, மூன்று 200. இரண்டாம் புள்ளி. நீராவி வரும் பெட்டியானால் நீராவியை நிறுத்திவிட வேண்டும். அட்டையைக் கவிழ்த்து, மேலே மல் துணி போட்டு, பெட்டியை இழுக்காமல் வைத்து எடுத்து வைத்து எடுத்து, ஓரிடத்துக்கு இருபது முப்பது விநாடி. காயாத அட்டையில் இதைச் செய்யக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகக் கிளம்பி அச்சைக் கொப்புளிக்க வைத்துவிடும்.

மலையில் மின்சாரம் போய்ப் போய் வரும். அன்றும் போனது. உடனே பரணிலிருந்து கரி இஸ்திரிப் பெட்டி இறங்கியது. தேங்காய்த் தொட்டிக் கரி, ஊதல், கொஞ்சம் புகைச்சல். அதில் திருகும் இல்லை, புள்ளியும் இல்லை. அடிப்பாகத்தைத் திருப்பி இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார். 'சொய்ங்' என்று உருண்டு ஓடி, சிதறி, சாகாமல் நின்றது சொட்டு.

"இது ஆகாது. ரொம்பச் சூடு" என்று பெட்டியை ஓரமாக வைத்தார்.

ஏன் ஆகாது என்று அவர் விளக்கவில்லை. அதற்கு விளக்கம் உண்டு. இரும்பு 200 டிகிரியை நெருங்கினால், சொட்டுக்கும் இரும்புக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தை போட்டுவிடுகிறது. சொட்டு இரும்பைத் தொடாமல் அதன்மேல் மிதந்து ஓடுகிறது. அதைவிடக் குறைந்த சூட்டில்தான் தண்ணீர் இரும்போடு ஒட்டி, சத்தத்தோடு உடனே மறையும். பெட்டி சற்று ஆறிய பிறகு மறுபடி தெளித்தார். சொட்டு விழுந்த இடத்திலேயே பொரிந்து மறைந்தது. அட்டை மேசைக்கு வந்தது. வெப்பமானி வைத்து அளந்திருந்தாலும் இதைவிடத் துல்லியமாக வேலை நடந்திருக்காது என்று நினைக்கிறேன். கரிச் சாம்பல் அட்டையில் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய பாடு.

எல்லா மைக்கும் இஸ்திரி உதவும் என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கும். ஃபவுண்டன் பேனா மையைப் பாருங்கள். பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சாயம்தான். பைண்டர் கிடையாது, கைகோக்க ஆள் இல்லை. எவ்வளவு சூடு காட்டினாலும் தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். மரக்கட்டை அச்சுக்கு இவர் வைத்திருக்கும் எண்ணெய் மை இன்னொரு வகை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துக்கொண்டு தோலாக இறுகுகிறது. அதற்கு மணிக்கணக்கு போதாது, நாள்கணக்கு வேண்டும். கதகதப்பு கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவே. (அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது வெளிவரும் சூடு சுருளுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். இங்கே கம்பியில் விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.) செய்தித்தாள் மை இதில் எந்த வகையிலும் சேராது; அது காய்வதே இல்லை, எண்ணெய் தாளுக்குள் ஊறிப்போய் நிறம் மேலே நின்றுவிடுகிறது. காலையில் பேப்பர் படித்த கை கறுப்பது அதனால். பளபளப்பான தாளில் மின்னல் வேகத்தில் ஓடும் பெரிய பத்திரிகை அச்சுக்குத்தான் நீளமான சூட்டு அடுப்பும், அதைத் தாண்டியதும் குளிர் உருளைகளும் தேவைப்படுகின்றன.

சூடு பட்டால் காணாமலே போகும் மையும் உண்டு. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு உறைமேல் விருந்தினர் பெயர்களை இவர் தம்பி மகன் எழுதிக் கொடுத்திருக்கிறான், தேய்த்தால் அழியும் ஜெல் பேனாவால். பையன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அவனிடம் கொடுத்தது. எழுதி முடித்த உறைகள் நெளிந்திருக்கின்றனவே என்று இவர் இஸ்திரி போட்டிருக்கிறார். பெட்டியை எடுத்தால் பெயர் இல்லை. அந்த மை 60 டிகிரி சுமாருக்கே நிறம் இழக்கும். ரப்பரால் தேய்க்கும்போது எழும் சூட்டில் அழிவதும் அப்படித்தான். உறையைக் கடுங்குளிரில் வைத்தால் எழுத்து திரும்பி வரும் என்று சொன்னேன். "அப்பவே வந்திருக்கக் கூடாதா நீங்க! மொத்தத்தையும் மறுபடி எழுதினோம்" என்றார்.

சூட்டாலேயே பிடிக்கும் அச்சு ஒன்று உண்டு என்றால் அது பொடி அச்சு. ஈர மைமேல் பிசின் பொடியைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, சூட்டுக் காற்றைக் காட்டினால் பொடி உருகி எழுத்து புடைத்து நிற்கும். சிவகாசிக் கல்யாண அட்டைகளில் விரலால் தடவினால் தெரியுமே, அதே கதைதான். கைக்காகிதத்தின் மேற்பரப்பு சொரசொரப்பு. தூவிய பொடி எழுத்தில் மட்டுமல்லாமல் நாரிடுக்கிலும் உட்கார்ந்துகொள்கிறது. சூடு காட்டியதும் அட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாக மினுங்குகிறது. இவர் முயன்ற அட்டையொன்றைப் பார்த்தேன். அதற்காக வாங்கிய ஹீட் கன் பெட்டியோடு அலமாரிமேல் கிடந்தது.

பின்கட்டில் மாமியார் இருந்தார். அடுப்புக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டி, அதில் கறுப்புத் தண்ணீர். கடுக்காய். கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிடைக்கும் சிறுவனப் பொருள்களில் இதுவும் ஒன்று. மருந்துக்கும் தோல் பதனிடவும் போகும். கொட்டையை நீக்கி, தோலை இடித்து, இரவு ஊறவைத்து, மறுநாள் கொதிக்கவிட்டு, பழைய ஆணிகளும் லாடத் துண்டும் போட்டு வைத்திருந்தார். வடிகட்டிய நீரில் வேலம்பிசின் கரைத்தால் மை.

மூங்கில் குச்சியைச் சீவி, தொட்டு எழுதிக் காட்டினார். வெளிறிய சாம்பல் நிறம். இதையா மை என்கிறார்கள் என்று நினைத்தேன். முந்தின நாள் எழுதிய தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கரிக்கறுப்பு.

கடுக்காயிலிருக்கும் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தவுடன் உருவாவது பெரும்பாலும் கரையக்கூடிய, நிறம் குறைந்த சேர்மம். அது நீரோடு நாருக்குள் இறங்குகிறது. இறங்கிய இடத்தில் காற்று பட்டதும் இரும்பு இன்னொரு நிலைக்கு மாறி, கரையாத கறுப்பாக உறைந்துவிடுகிறது. அதாவது தாளுக்குள்ளேயே நிறம் பிறக்கிறது. வெளியே இருந்து ஒட்டவைக்க வேண்டிய தேவை இல்லை. தஞ்சை மாவட்டத்துக் கருப்பூர் கலம்காரியில் துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்துவிட்டு இரும்புக் கரைசலால் கோடு போடுவதும் இதே வேதியியல்தான். அந்தக் கலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற மைகளைப் படாதபாடு படுத்தும் பனிக்காற்று இந்த மையை ஒன்றும் செய்வதில்லை. மேற்பரப்பு உலரக் கொஞ்சம் தாமதமாகும், கறுப்பது நிற்காது.

"இதையும் தேய்ச்சுப் பார்த்தா என்ன அத்தை?" என்று மருமகள் கேட்டார், எனக்குக் காட்டுவதற்காகவே கேட்டிருப்பார் போல.

"ஒண்ணும் வேண்டாம். காத்து பட்டாக் கறுக்கறதுக்குப் பொட்டி எதுக்கு? நீ தேய்ச்ச தாளுதான் அன்னைக்கு ஒடிஞ்சு போச்சே."

தாள் ஒடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மை புளிப்பு. அதிலும் ஆணிக்குப் பதில் கடையில் விற்கும் அன்னபேதி என்ற இரும்பு உப்பைப் போட்டுச் செய்தால் கந்தக அமிலமும் கூடவே உருவாகும். அமிலமும் மிச்ச இரும்பும் நாரை மெல்ல அறுக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இதே வகை மையில்தான் எழுதினார்கள். பாஹ் எழுதிய இசைப்பிரதிகளில் சில இடங்களில் சுரக்குறி இருந்த இடம் ஓட்டையாகிவிட்டது, பெர்லினில் அவற்றைக் காப்பாற்றப் பெரும் பாடு பட்டிருக்கிறார்கள். சூடு ஏற ஏற அமிலத்தின் வேலை வேகம் பிடிக்கும். ஆகவே கடுக்காய் மைக்கு இஸ்திரி போடுவது உதவியில்லை, கெடுதல். அன்னபேதி இல்லாமல் ஆணி போட்டு, கடுக்காயைத் தாராளமாகவும் இரும்பைக் குறைவாகவும் வைக்கும் மாமியாரின் அளவு தாளுக்கு நல்லது. கெடுதல் அடியோடு இல்லாமல் போய்விடாது, தள்ளிப்போகும்.

நெளிவை எடுக்க இவர்கள் இருவருக்கும் ஒரே வழிதான்: எழுதிய தாளை இரண்டு மையொற்றுத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே பலகை, பலகைமேல் அம்மிக்குழவி. ஒற்றுத் தாளை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும், மறந்தால் பூஞ்சை. கைக்காகிதத்தில் நார் எல்லாத் திசையிலும் கிடப்பதால் சுருங்கும்போது ஏறக்குறைய எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்கும். ஆலைத்தாளைப் போல ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளாது. அந்த விஷயத்தில் இதற்கு மலை ஈரத்தைத் தாங்கும் குணம் உண்டு.

கிளம்புவதற்கு முன் மேசைமேல் இருந்த ஆர்டர் நோட்டைப் பார்த்தேன். நாமக்கல் கடையொன்றுக்குச் சாமைப் பொட்டலச் சீட்டு 500. இது எந்த மையில் என்று கேட்டேன்.

"ஸ்கிரீன்தான் சார். மூட்டையில ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு பஸ்ஸுல போவணும், தேய்ச்சுக் குடுத்தாத்தான் தாங்கும். விடுதி அட்டைக்கு அத்தையோட மை. அது உறைக்குள்ளயே இருக்கும், கசங்காது."

பேருந்துச் சத்தம் கேட்டது. திண்ணை இறங்கியவனை மறுபடி கூப்பிட்டார்.

"கீழ யாராச்சும் ஹீட் கன் வேணும்னா சொல்லுங்க. ரெண்டு தடவதான் போட்டது. பாதி வெலைக்குத் தர்றேன்."